டென்சில் உட்கார்ந்திருந்த இடம்

விட்பி, யார்க்‌ஷயர்
8 மே 1996

மதிப்புக்குரிய திரு. டன்ஸ்டன் அவர்களுக்கு,

நான் டென்சில் பார்லோவின் மனைவி. நாம் கடைசியாக ஒருவரையொருவர் பார்த்தது 1958 நவம்பரில், டென்சிலை அடக்கம் செய்த அன்று. நீங்கள் சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு மதில் ஓரமாக நின்றீர்கள். என்னிடம் எதுவும் பேசவில்லை. உங்கள் முகவரியை இசைக் கலைஞர்கள் சங்கத்தில் எழுதிக் கேட்டு வாங்கினேன்.

ஆம்ப்ரோஸ் கில்ராய் இறந்ததற்கு இந்த ஊரே துக்கம் காக்கிறது. மீன்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞாயிறு மதியம் அவர் வானொலி நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டேதான் இருபத்தைந்து வருடமாக உருளைக்கிழங்கு உரித்தாளாம். “சொந்த மாமா போன மாதிரி இருக்குங்க” என்றாள். நான் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாட்டையே சிரிக்க வைத்த அந்தக் குரலை என் வீட்டுக்குள் நான் விட்டதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவருடைய மகள் இமோஜன் போன வாரம் ஒரு பொட்டலம் அனுப்பினார். பழைய கடிதங்கள், மொத்தம் பதினொன்று. விபத்துக்குப் பிறகு ஆம்ப்ரோஸ் எனக்கு எழுதியவை. ஒவ்வொன்றையும் பிரிக்காமலே நான் திருப்பி அனுப்பியிருந்தேன். அவற்றை அவர் மேசை இழுப்பறையில் அப்படியே வைத்திருந்திருக்கிறார். உறைகள்மேல் ‘திருப்பி அனுப்பவும்’ என்று என் கையெழுத்து. இருபத்தெட்டு வயதில் எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன்.

ஒன்றைப் பிரித்தேன். 1959 மார்ச்சில் எழுதியது. அதில் இப்படி இருக்கிறது:

‘ஹெஸ்டர், நீங்கள் தூங்குவதே இல்லை என்று உங்கள் தங்கை சொன்னாள். டென்சில் எதையும் பார்க்கவில்லை. நியூவர்க்கைத் தாண்டியதுமே என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். கடைசிவரை விழிக்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம். இதை மட்டும் நம்புங்கள்.’

நீதிமன்றத்தில் நான் கேட்டது வேறு. வேனை ஓட்டியது தானே என்றும், டென்சில் முன்னால் தன் பக்கத்தில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான் என்றும், நீங்கள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றும் ஆம்ப்ரோஸ் சொன்னார். அந்த லாரி மூடுபனிக்குள்ளிருந்து வருவதை டென்சில் கண் திறந்து பார்த்திருப்பார் என்று முப்பத்தெட்டு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கனவிலும் அந்தக் கண்களைத்தான் காண்கிறேன்.

அந்த வேனில் இருந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம். டென்சில் எங்கே உட்கார்ந்திருந்தார்?

ஹெஸ்டர் பார்லோ

—

டெட்ஃபோர்டு, லண்டன்
13 மே 1996

அன்புள்ள திருமதி பார்லோ,

உங்கள் கடிதம் வந்தது. என்னிடம் போய் ஞாபகத்தைப் பற்றிக் கேட்கிறீர்களே. எனக்கு எழுபத்திரண்டு வயது. போன வாரம் பல் மருத்துவர் முன் வாயை அகலத் திறந்து உட்கார்ந்தேன். அவர் கண் மருத்துவர்.

ஆம்ப்ரோஸ் உங்களுக்கு ஆறுதலாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த வேனில் முன்னிருக்கை ஒரே பெஞ்சாக இருக்கும். பக்கத்தில் இருப்பவன் கண் அயர்ந்தால் ஓட்டுகிறவன் தோளில்தான் சாய்வான். டென்சில் தூங்கினான் என்றால் தூங்கித்தான் இருப்பான். அவனால் மேடையிலேயே தூங்க முடியும். ஆம்ப்ரோஸ் டிரம்பெட்டில் நீளமாக எதையாவது ஊதும்போது பியானோமேல் கன்னத்தை வைத்துக்கொள்வான். முறை வரும்போது சரியாக எழுந்துவிடுவான். நான்தான் கிளாரினெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து சாவேன்.

இங்கே ஒரு சங்கடம். ஆம்ப்ரோஸ் சாகும் முன்பே ஒன்பது நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்திருந்தாராம். குடும்பம் சம்மதித்ததால் வாரம் ஒன்றாக ஒலிபரப்புகிறார்கள். பக்கத்து வீட்டு மிஸஸ் கேம்பலுக்குக் காது கேட்காது, வானொலியைச் சத்தமாக வைப்பார். ஞாயிறு பன்னிரண்டு அடித்ததும் சுவர் வழியாக ஆம்ப்ரோஸின் குரல் வருகிறது. வார்த்தை எதுவும் புரியாது, ஏற்ற இறக்கம் மட்டும்தான். நடுவில் நிறுத்துவார். அந்த இடைவெளியில் கூட்டம் சிரிக்கும். பிறகு மறுபடியும் அவர். நான் சமையலறையில் நின்றுகொண்டு, இந்த ஆளை மண்ணில் இறக்கியதை நானே பார்த்தேனே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பழைய கடிதங்களைக் கட்டி வைத்துவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்ஃப் டன்ஸ்டன்

—

விட்பி
17 மே 1996

திரு. டன்ஸ்டன் அவர்களுக்கு,

வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். நன்றி. உங்கள் இசைக்குழுவில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்று டென்சில் சொல்வார்: பேச வேண்டியது வந்துவிட்டால் ஒரு நகைச்சுவை.

மற்ற பத்துக் கடிதங்களையும் பிரித்துவிட்டேன். வருடத்துக்கு ஒன்று என்று நவம்பரில் எழுதியிருக்கிறார், 1968 வரை. 1962இல் எழுதியதிலிருந்து:

‘அவனுக்குக் குளிர் எடுத்தது. என் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்தி, விழாமல் இருக்க இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு நொடிகூடத் தனியாக இல்லை.’

நான் நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும். ஆம்ப்ரோஸின் இரண்டு கைகளும் டென்சிலைச் சுற்றி இருந்தன என்றால், ஸ்டியரிங்கில் இருந்தது யாருடைய கை?

அடக்கத்தன்று நான் ஆம்ப்ரோஸிடம் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. “இனிமே நீங்க ஊதற ஒவ்வொரு மூச்சும் அவரோடது. ஞாபகம் வச்சுக்குங்க” என்றேன். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “சரி, ஹெஸ்டர்” என்றார். நாங்கள் அந்த மதில் பக்கமாகத்தான் நின்றோம்; உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நான்கு அடிகூட இருக்காது.

இந்தக் கடிதத்துக்கு நகைச்சுவையாகப் பதில் எழுதினால் அடுத்ததை இமோஜன் கில்ராய்க்கு எழுதுவேன்.

ஹெஸ்டர் பார்லோ

—

டெட்ஃபோர்டு
28 மே 1996

திருமதி பார்லோ,

என்னுடைய கை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு ஐந்து நாள் உட்கார்ந்திருந்தேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஷெஃபீல்டில் மாலை நிகழ்ச்சி. மற்ற மூன்று பேரும் ரயிலில் போய்விட்டார்கள். வாத்தியங்களோடு வேனில் நாங்கள் மூவர். நியூவர்க்வரை ஆம்ப்ரோஸ்தான் ஓட்டினார். அவர் ஓட்டுவது உங்களுக்குத் தெரியாது; பாட்டுப் பாடிக்கொண்டு, சைக்கிள்காரனுக்கெல்லாம் வழிவிட்டு, ஊர்ந்து போவார். நியூவர்க்கில் மதியச் சாப்பாடு. நான் இரண்டு கிளாஸ் பியர் குடித்தேன். மூன்று என்று எழுதுவதுதான் சரி. வெளியே வந்தால் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. “இப்படிப் போனா நாளைக்குத்தான் ஷெஃபீல்டு” என்று சொல்லிச் சாவியை அவர் கையிலிருந்து நான்தான் பிடுங்கினேன். என் ஓட்டுநர் உரிமத்தை அதற்கு நான்கு மாதம் முன்புதான் குடித்துவிட்டு ஓட்டியதற்காகப் பறித்திருந்தார்கள். இன்னொரு முறை வந்தால் சிறைதான் என்று நீதிபதி சொல்லியிருந்தார். இதெல்லாம் ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். ஆனால் இரண்டு நாளாகக் காய்ச்சலில் இருந்தார். சண்டைபோடத் தெம்பில்லாமல் பின்னால் போய் டென்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மணி மூன்றரை இருக்கும். பகலிலேயே ஒன்றும் தெரியவில்லை. சாலையில் ஏதோ உருண்டு டயரில் சிக்கியது. சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கு. ஏதோ லாரியிலிருந்து கொட்டியிருக்கிறது என்று நினைத்தேனே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. அடுத்த நொடி அந்த லாரியே நின்றுகொண்டிருந்தது, விளக்கில்லாமல். வலப்பக்கம் ஒடித்தேன். வேனின் இடது பக்கம் முழுக்கக் கிழிந்துபோயிற்று. டென்சில் இடது பக்கம் இருந்தான்.

அவன் விழிக்கவில்லை. இதை நானும் சொல்கிறேன். ஆம்ப்ரோஸின் கோட்டுக்குள் கன்னம் புதைந்து, தூங்கியபடியேதான் இருந்தான்.

லாரிக்காரன் உதவி தேடிப் பக்கத்துப் பண்ணைக்குப் போயிருந்தான். நாங்கள் மட்டும்தான். புல்லில் டென்சிலைக் கிடத்தி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்ப்ரோஸ் வெகுநேரம் இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வில்ஃப், யார் கேட்டாலும் ஓட்டினது நான். டென்சில் முன்னாடி என் பக்கத்துல இருந்தான். நீ பின்னாடி தனியா தூங்கிட்டிருந்த. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் வேனைத் திரும்பிப் பார்த்தேன்.

“எட்னாவுக்கு இது ஏழாம் மாசம். நீ உள்ள போயிட்டா அவ என்ன பண்ணுவா? எங்கப்பா பெரிய மனுஷன், அவர் பேரைச் சொன்னா என்னை ஜெயில்ல போடமாட்டாங்க. உன்னைப் போடுவாங்க. போய் வேன் பின்னாடி அந்த டிரம் பெட்டிமேல உட்காரு.”

வேண்டாம் என்று நான் அப்போது சொன்னதாகப் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. டிரம் பெட்டிமேல் போய் உட்கார்ந்தேன்.

அவருக்கு அபராதமும் ஐந்து வருடம் ஓட்டக்கூடாது என்ற தடையும் விதித்தார்கள். அதற்குப் பிறகும் அவர் சாலையில் வண்டி ஓட்டவே இல்லை. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வழக்கம்போலத் தோளில் தட்டுவார், என் கிளாரினெட்டைக் கேலி செய்வார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் நான் அவரோடேயே இருந்திருப்பேன். அந்த நல்லதனத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. 1961இல் குழுவை விட்டுவிட்டேன். தபால் பிரிக்கும் வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு அவர் வானொலியில் பெரிய ஆளானார். எல்லாவற்றையும் கிண்டல் செய்வார். வண்டி, சாலை, விபத்து பற்றி மட்டும் ஒரு கிண்டலும் வராது. நாட்டில் அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

என் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் தொலைபேசியில் கூப்பிடுவார். என் மனைவி எட்னாதான் பேசுவாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது. இந்த ஏப்ரலில், என் பிறந்தநாள் இல்லாத ஒரு நாளில், மணி அடித்தது. எடுத்தேன். “வில்ஃப்?” என்றார். பின்னால் மருத்துவமனைச் சத்தம் கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டேன். மறுநாள் அறுவை சிகிச்சையிலிருந்து அவர் எழவில்லை.

நீங்கள் என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னாலும் போகிறேன்.

வில்ஃப்

—

விட்பி
3 ஜூன் 1996

வில்ஃப் டன்ஸ்டன்,

காவல் நிலையத்துக்குப் போய் என்ன சொல்வீர்கள்? அந்தப் பணிமேசையில் இருக்கும் பிள்ளை அப்போது பிறந்திருக்கவே மாட்டான். உங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேருந்தில் ஏற்றிவிடுவான்.

உங்களைக் காப்பாற்ற நீங்கள் இருவரும் சேர்ந்து என் கணவரைத் தூக்கி முன்னிருக்கையில் வைத்தீர்கள். தூங்கிக்கொண்டிருந்தவரின் கண்களைத் திறந்து வைத்தீர்கள். உங்களுக்கு அது நீதிமன்றத்தில் சொன்ன ஒரு வரி. நான் அதோடு படுத்து எழுந்தேன். மறுமணம் கேட்டு வந்தவரிடம்கூட என்னால் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்: ‘அவர் பார்த்துக்கொண்டே செத்தார், என்னால் கண்ணை மூட முடியவில்லை.’ அவர் மரியாதையாக விலகிப் போய்விட்டார்.

ஆம்ப்ரோஸ் நல்லவர் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் என் வெறுப்பை எடுத்து வேறு முகவரிக்கு அனுப்ப அவருக்கு யார் உரிமை கொடுத்தது? நான் வெறுத்திருக்க வேண்டியது உங்களை. அதற்கான முப்பத்தெட்டு வருடமும் தவறான இடத்துக்குப் போய்விட்டது. இப்போது உங்களை வெறுக்க உட்கார்ந்தால், ஒரு கிழவன் கண் மருத்துவர் முன்னால் வாயைத் திறக்கிறான்.

இதையும் எழுத வேண்டும், எழுதுகிறேன். 1959இல் அந்த முதல் உறையைப் பிரித்திருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும். பிரிக்காதது நான்.

என்ன செய்யச் சொன்னாலும் செய்வதாகச் சொன்னீர்கள். இமோஜன் கில்ராய்க்கு அப்போது ஏழு வயது. தன் அப்பா ஒருவரைக் கொன்றவர் என்று தெரிந்தே வளர்ந்தவள். நீங்கள் சொல்ல வேண்டியது அவளிடம். கடிதம் எழுதக்கூடாது. நேரில் போங்கள்.

ஹெஸ்டர் பார்லோ

—

டெட்ஃபோர்டு
17 ஜூன் 1996

திருமதி பார்லோ,

சனிக்கிழமை போனேன். இமோஜன் சசெக்ஸில் லூயிஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறார். கால்நடை மருத்துவர். முன்னறையில் காலில் கட்டுப்போட்ட ஒரு செம்மறி ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. இமோஜனுக்கு ஆம்ப்ரோஸின் அதே நீளத் தாடை. அப்பாவின் பழைய குழுக்காரர் என்று கேட்டதும் மிகவும் சந்தோஷப்பட்டுக் கேக் வெட்டி வைத்தார். அந்தக் கேக் முன்னால் உட்கார்ந்து சொன்னேன்.

முழுவதும் கேட்டார். முடித்ததும் ஆட்டுக்குட்டியின் கட்டைச் சரி பார்த்தார், அதில் சரி பார்க்க ஒன்றுமில்லை.

“எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தது அப்பாதான்” என்றார். “கடற்கரை மணல்ல. நான் எவ்வளவு தப்புப் பண்ணாலும் கத்தமாட்டாரு. எதிர்ல ஒரு கடற்பறவை உட்கார்ந்திருந்தாக்கூட நிறுத்தச் சொல்லுவாரு. அது தானா எழுந்து போறவரைக்கும் காத்திருப்போம். இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன் எப்படி இடிச்சாருன்னு எனக்குப் பதினேழு வயசுலேர்ந்து புரியல.”

பள்ளியில் அவர் மேசைமேல் ‘கொலைகாரன் மகள்’ என்று கத்தியால் செதுக்கியிருந்தார்களாம். அப்பாவிடம் சொன்னபோது ஆம்ப்ரோஸ் பள்ளிக்கு வந்து, அந்த மேசையின் எதிரில் முட்டிபோட்டு உப்புத்தாளால் தானே தேய்த்தாராம். வீட்டுக்கு நடந்து திரும்பும்போது, “நான் செஞ்சதுக்கு உன்மேல எழுதறாங்க, என்னை மன்னிச்சுடு” என்றாராம். “அப்பகூட அவரு சொல்லல” என்றார் இமோஜன். இரண்டு முறை சொன்னார்.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

“தயவுசெஞ்சு போயிடுங்க, மிஸ்டர் டன்ஸ்டன். நான் ஏதாவது சொல்லிடறதுக்குள்ள போயிடுங்க.”

போய்விட்டேன். ரயில் நிலையம்வரை மூன்று மைல் நடந்தேன். மறுநாள் ஞாயிறு. பன்னிரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் ஆம்ப்ரோஸின் குரல். இந்தமுறை மிஸஸ் கேம்பலின் கதவைத் தட்டி, நானும் உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டேன். அவர் இறந்த பிறகு முதல் முறையாக வார்த்தைகளோடு கேட்டேன். அவர் இறக்கவில்லை என்று அரைமணி நேரம் நம்பினேன். எதிரே உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கவில்லை. மிஸஸ் கேம்பல் கைக்குட்டையை நீட்டினார்.

ஒன்று கேட்கிறேன். இல்லை என்றால் பதில் எழுத வேண்டாம், புரிந்துகொள்வேன். டென்சிலின் கல்லறைக்கு நான் வரலாமா? அன்றைக்கு மதிலோரம் நின்றதோடு சரி. கிட்டே வரவில்லை.

வில்ஃப்

—

விட்பி
1 ஜூலை 1996

வில்ஃப்,

நேற்று இமோஜன் இங்கே வந்திருந்தார். காலையிலேயே புறப்பட்டு ஐந்து மணி நேரம் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். கடைசி நிகழ்ச்சி நேற்று. அப்பா இறந்த பிறகு ஒன்றைக்கூடக் கேட்க முடியவில்லை என்றும், தனியாகக் கேட்க வேண்டாம் என்று தோன்றியதாகவும் சொன்னார். ஏன் என்னிடம் என்று நான் கேட்கவில்லை. வானொலியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன்.

பத்திரிகைகளுக்குச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். “எனக்குத் தெரிஞ்சாச்சு, உங்களுக்குத் தெரிஞ்சாச்சு. மத்தவங்க அவரை எப்படியும் நேசிக்கத்தானே செஞ்சாங்க” என்றார். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உங்களைப் பற்றி அவர் கோபமாகவும் பேசவில்லை, நல்லபடியாகவும் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “அன்னைக்கு ஸ்டேஷனுக்கு நடந்தா போனாரு?”

நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஆம்ப்ரோஸ் வழக்கமான வருத்தக் குரலில் (வழக்கமான என்று இமோஜன்தான் சொன்னார்), தங்கள் நிகழ்ச்சியை இருபது லட்சம் பேர் கேட்பதாகவும், அவர்களில் ஒருவர் போன வாரம் அன்பாகக் கடிதம் எழுதியிருந்ததாகவும், நிறுத்தச் சொல்லிக் கேட்டிருந்ததாகவும் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. டென்சில் வீட்டில் இவரைப் போலவே பேசிக் காட்டுவார், அதற்குச் சிரித்தது ஞாபகம் வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை. இமோஜன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முடிவில் ஆம்ப்ரோஸ் டிரம்பெட் ஊதினார். எழுபத்துநான்கு வயது மூச்சு. நடுவில் ஓரிடத்தில் இழுத்துப் பிடிக்க முடியாமல் உடைந்தது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

வானொலியை அணைக்க எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. செய்தி வந்தது, வானிலை வந்தது, ஏதோ தோட்டக்கலை பற்றிப் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்தோம்.

உங்களை நான் மன்னித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கனவும் போகவில்லை. இப்போது டென்சில் பின்னால் தூங்குகிறார், ஆம்ப்ரோஸ் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஓட்டுவது நான். நீங்கள் அதில் இல்லை. இதை உங்களிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கல்லறைக்கு வரலாம். யார்க்கில் ரயில் மாறி ஸ்கார்பரோவுக்கு வந்து, அங்கிருந்து பேருந்து பிடியுங்கள். சர்ச்சுக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. நின்று நின்று ஏறுங்கள். கடலைப் பார்த்த வரிசையில், உப்புக்காற்றில் எழுத்து தேய்ந்துபோன கற்களுக்கு நடுவே, எழுத்து தெரிகிற ஒரே கல். நான் உங்களோடு வரமாட்டேன்.

இறங்கிப் பேருந்துக்குப் போகும்போது என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பச்சைக் கதவு. தட்ட வேண்டாம். திறந்திருந்தால் உள்ளே வாருங்கள்.

ஹெஸ்டர்